சானமாவு மாலுமிகள்

ஓசூரை விட்டுக் கிருஷ்ணகிரி ரோட்டில் சானமாவுக் காட்டை எட்டிவிட்டால், வண்டியை எந்தத் திசையில் விரட்டினாலும் கடலைப் பார்க்க அரை நாளாகும். அப்படிப்பட்ட இடத்தில் வில்லா வாங்கி, ஹாலைத் துறைமுகமாக்கிவிடுகிற ஒரு ரகம் உண்டு. சிப்காட்டில் மேனேஜர் உத்தியோகம், ஏலகிரி ஏரிப் படகிலேயே தலை சுற்றும் தேகம், சுவரெல்லாம் பழைய கடலோர ஊர்களின் வரைபடம்.

செருப்பைக் கழற்றுவதற்குள் விளக்கம் ஆரம்பித்துவிடும். சோபாவுக்கு மேலே பிரெஞ்சுக்காரர் பெல்லின் போட்ட புதுச்சேரி. 1764-இல் பாரிசில் அச்சானது. 1761-லேயே ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தள்ளியிருந்தார்கள். இல்லாத தெருவுக்கு அழகாகக் கோடு போட்டு விற்றிருக்கிறார்கள்! நம் மனை புரோமோட்டர்களின் பூர்வீகம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அடுத்தது தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய கதையை இரண்டே வரியில் தாண்டிவிடுவார். அவர் உருகுவது 1845-க்குத்தான். “தரங்கம்பாடி, வங்காளத்து செராம்பூர், ரெண்டும் சேர்த்து இங்கிலீஷ்காரன்கிட்ட 12.5 லட்சத்துக்கு வித்தான் சார்!” இதைச் சொல்லும்போது, அட்வான்ஸ் கொடுக்கத் தவறிய ஏக்கம் முகத்தில் தெரியும்.

“எல்லாம் ஒரிஜினலா?” என்று மட்டும் கேட்கக் கூடாது. “ஒரிஜினல்லேர்ந்து எடுத்தது” என்பார். காகிதத்தின் பழுப்பு டிக்காஷன் கைங்கரியம். காசெல்லாம் தேக்கு ஃப்ரேமுக்குப் போயிருக்கும்.

எதை எங்கே மாட்டுவது என்பதில் சரித்திரத்துக்கு வேலையில்லை. ஈசானிய மூலையில்தான் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர் பிடித்த நாகப்பட்டினம், இங்கே பூஜை அறைக்குப் பக்கத்தில் கரை ஒதுங்கியிருக்கிறது.

ராகி முற்றுகிற பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக்கூட்டம் சானமாவுக்கு வந்துவிடும். ராத்திரி பரணில் காவல் இருந்த பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் பால் கொடுக்க வந்து, படங்களை நிதானமாகப் பார்த்தார்.

“இதுல நம்ம ஏரி எங்க சாமி வருது?”

“இது 1764-ண்ணா. புதுச்சேரி.”

“அப்ப யானை வர்ற வழி போடலியா?”

“இல்லண்ணா.”

“வனத்துறைக்காரங்ககிட்ட கேட்டா போட்டுத் தருவாங்க சாமி. செவுத்துல இடம் இருக்குதே.”

அந்த இடம் பழவேற்காட்டுக்கு ஒதுக்கியது. 1613-இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையோடு கூடிய படம் பெங்களூரில் ஃப்ரேமுக்குப் போயிருக்கிறது. அதுவரை ஆணி சும்மா இருப்பானேன் என்று வீட்டம்மா மளிகைக்கடை காலண்டரை மாட்டியிருக்கிறார். பேச்சுவார்த்தை நடக்கிறது.

“இவ்வளவு ஆசையா இருக்கீங்களே, பொங்கல் லீவுல தரங்கம்பாடிக்கே போய்ட்டு வரலாமா?” என்று அந்தம்மா கேட்டதற்கு மனிதர் பதறிவிட்டார்.

“அங்கயா? உப்புக் காத்து, புழுக்கம். ஓசூர் கிளைமேட்டுக்குப் பழகின உடம்பும்மா இது!”