ஆழ்வாரும் உறுத்தலும்

கேள்வி: மனசாட்சி உறுத்தினால் மனிதன் சரியான முடிவைத்தான் எடுப்பானா? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: எப்போதும் இல்லை. உங்கள் பக்கத்து ஊர்க் கதையையே பாருங்கள். பெருமாளுக்குக் கட்டிய மாலையில் ஒரு தலைமுடி. ஆண்டாள் எனும் கோதை சூடிப் பார்த்திருக்கிறாள்! பதறிப்போன பெரியாழ்வார் மகளைக் கண்டித்தார், மாலையை ஒதுக்கினார். பெருமாளோ கனவில் வந்து, ‘அதுதான் வேண்டும்’ என்றாராம். உறுத்தல் நிஜம், தீர்ப்புதான் தப்பு. இன்றும் புரட்டாசி கருட சேவைக்கு ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறது.

நம் கனவில் யார் வந்து திருத்துகிறார்கள்? எடையில் கை வைத்த வியாபாரி, கோயில் உண்டியலில் 500 ரூபாய் போட்டதும் உறுத்தல் தீர்ந்து, கால் கிலோ பால்கோவாவோடு பஸ் ஏறிவிடுகிறார். ஏமாந்தவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. பால்கோவா நிறுக்கும்போது மட்டும் தராசையே முறைத்துக்கொண்டு நின்றிருப்பார்!