லண்டனில் இருக்கும் எங்கள் ராஜா

டொரான்டோ
ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,



கனடா குடிமகனாகிவிட்டேன் என்று போனில் சொன்னதும், "ராஜா பேரைச் சொல்லியா சத்தியம் பண்ணினே?" என்று சிரித்தீர்கள். ஆமாம் மாமா. நீங்கள் வாங்கி அனுப்பிய ஆம்பூர் ஷூவைப் போட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கி, கனடாவின் அரசர் மூன்றாம் சார்லஸுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்றேன். வாரிசுகளில் பேரன் ஜார்ஜும் அடக்கம், வயது 11. நம் வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான். "எனக்கும் சத்தியம் பண்ணுப்பா" என்று நச்சரிக்கிறான்.

ராஜா இருப்பதென்னவோ லண்டனில். இங்கே 20 டாலர் நோட்டில் இன்னும் அவர் அம்மாதான் சிரிக்கிறார். ராஜா பிறந்தது நவம்பர் 14, நம் நேரு பிறந்த நாள். ஆனால் இங்கே கொண்டாடுவது மே மாதம், 1901-ல் காலமான விக்டோரியா ராணியின் பிறந்தநாளோடு சேர்த்து! நவம்பர் குளிரில் யார் வெளியே நின்று வாணம் விடுவது? லீவு கிடைத்தால் சரி, பிறந்தது யாரானால் என்ன.

போன மாதம் 27-ம் தேதி அவரே ஒட்டாவாவுக்கு வந்து நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்தார். ராஜாவோ ராணியோ நேரில் வந்து தொடக்க உரையைப் படித்தது 1977-க்குப் பிறகு இப்போதுதான். எழுதிக் கொடுத்தது பிரதமர் கார்னியின் அரசாங்கம். நம் சட்டசபையில் கவர்னர் படிப்பாரே, அதே ஏற்பாடு. என்ன, இவர் முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுந்தார். குதிரை வண்டியில் போனவரைப் பார்க்க ரோட்டோரம் அத்தனை கூட்டம்.

இந்தத் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் டிரம்ப். கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலமாகச் சேர்த்துக்கொள்வேன் என்கிறார். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டினால், என்றைக்கோ பட்டணம் போன பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பி, "ஒருதரம் வந்து நின்னுட்டுப் போங்க" என்போமே, அந்தக் கதைதான். பெரியப்பா மண்வெட்டியைத் தொடமாட்டார். வெள்ளை வேட்டியோடு வரப்பில் நிற்பார். அது போதும்.

ராஜாவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆனால் நீக்குவதற்கு 10 மாகாணங்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். நம் ஏரி மதகு திறக்கக் கூட்டம் போட்டுப் பார்த்த உங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சின்ன வயதில் வேலூர் பாலாற்றங்கரையில் ஒரு ராஜாவின் சமாதி என்று முத்து மண்டபத்தைக் காட்டினீர்களே. அந்தக் கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கனை 1815-ல் பிடித்து, வேலூர்க் கோட்டையில் வைத்து, 1832-ல் அங்கேயே சாகவிட்டது இதே கிரீடம்தான். அதிகாரம் இருந்தவரை அதைக் கண்டு பயந்தார்கள். பல் போன பிறகுதான் கொஞ்சுகிறார்கள்.

ராஜாவிடம் சொல்லித் தம்பிக்கு விசா வாங்கித் தரச் சொன்னாராம் அத்தை. அவரால் முடியாது என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். முடியுமென்றால் இந்த ஊரில் ஒருத்தன்கூட அவருக்குக் கை காட்ட மாட்டான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்