வகையாக மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

இந்த உலகத்தில் எதையும் யாரும் சும்மா விடுவதில்லை. ஏதாவது ஒரு வகையில் போட்டுத்தான் மூச்சு விடுவார்கள். தப்பிக்க நான்கு பாடங்கள்:

1. வீட்டுக்கு இரண்டு முகம் வையுங்கள். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம், "கீழே கடை, வாடகை வருது" என்று சொல்லலாம். சொத்து வரிக்கு அளக்க வருகிறவரிடம் அதே ஷட்டரை இறக்கிவிட்டு, "பழைய சாமான் போட்டு வச்சிருக்கோம் சார்" என்று சொல்லவேண்டும். குடியிருப்புக்கு ஒரு வரி, வணிகத்துக்கு அதைவிடக் கூடுதல். கரண்டு பில்லுக்கும் இதே கதைதான். ஷட்டர் மேலிருக்கும் 'ஜெராக்ஸ்' பலகையைக் கழற்ற மறக்காதீர்கள்.

2. யாராவது 'புறம்போக்கு' என்று திட்டினால் கோபப்படாதீர்கள். நஞ்சை, புஞ்சை, நத்தம்போல அதுவும் வருவாய்த்துறையின் வகைப்பாடுதான். உங்களுக்குப் பட்டா கிடையாது, அவ்வளவுதான்.

3. பாப்கார்ன் தின்னும் முன் யோசியுங்கள். 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சொன்ன விளக்கப்படி, உப்பும் மசாலாவும் போட்டு உதிரியாகத் தந்தால் வரி 5 சதவீதம். பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டினால் 12. கேரமலில் புரட்டினால் அது மிட்டாய் வகை, 18. மறு செப்டம்பரில் மூன்றும் 5-க்கு வந்துவிட்டன. சோளம் என்னவோ அதே சோளம்தான்.

4. மாற்றுத்திறனாளர் விளையாட்டில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் வேண்டாம். அங்கே வீரரை வகைப்படுத்த, மேசையில் படுக்கவைத்து, மூட்டுகளை மடக்கி நீட்டி, தசையின் பலத்துக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். போட்டியிலும் கண்காணிப்பார்கள். குறைபாட்டின் அளவு ஜெயிக்கக்கூடாது, உழைப்புதான் ஜெயிக்கவேண்டும் என்பதற்காக அவ்வளவு பாடு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில் அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் தங்கம் வென்றது. 12 வீரர்களில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை! பதக்கம் பறிபோனது. பத்துப்பேர் செய்த திருட்டுக்கு, அந்தப் பிரிவினர் மொத்தமும் 2012 லண்டன்வரை பதக்கப் போட்டியின்றிக் காத்திருந்தார்கள்.

நேர்மையாக வகைக்குள் நின்று ஜெயித்தவருக்கு, சேலம் மாவட்டத்து பாராலிம்பிக் வீரர் மாரியப்பனைப் பாருங்கள். 2016 ரியோவில், காலில் குறைபாடு உள்ளோருக்கான டி42 பிரிவு உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் போட்டியின் பெயர் டி63 ஆனது; வெள்ளி. பாரிஸிலும் டி63, வெண்கலம். பலகையை மாற்றினார்கள். அவர் அதே காலோடு வந்து தாண்டினார்.

இதை எழுதி முடித்துவிட்டுக் கீழே இறங்கினேன். வாசலில் அளக்கும் நாடாவோடு ஒருவர், அண்ணாந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார். ஷட்டரை இறக்கியிருந்தேன், பலகையை மறந்துவிட்டேன்.

வகையாக மாட்டிக்கொண்டேன்.