மலைக்கள்ளனுக்கு அடுத்து யார்?

பேட்மேன் வேடம் கட்டிய நடிகர்களை இன்றைய பிள்ளைகள் வரிசை மாறாமல் ஒப்பிக்கிறார்கள். மைக்கேல் கீட்டன், வால் கில்மர், ஜார்ஜ் குளூனி, கிறிஸ்டியன் பேல், பென் அஃப்லெக், ராபர்ட் பாட்டின்சன். மதுக்கரையில் என் மகள் வயிற்றுப் பேரனும் அப்படித்தான். இதில் யார் உசத்தி என்று கூட்டாளிகளோடு மணிக்கணக்கில் வாதாடுவான். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கோயமுத்தூரில் படமாகி, நாலே வருஷத்தில் ஆறு மொழி பேசிய வீரன் ஒருவன் இருந்தான். அவன் வேடத்தைக் கட்டியவர்கள் யார் யார் என்று கேட்டால் இன்று பதில் சொல்ல ஆள் தேட வேண்டும். அவன் பெயர் மலைக்கள்ளன்.

நாமக்கல் கவிஞர் வெ.ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல் அது. கோவை பட்சிராஜா ஸ்டுடியோ முதலாளி ஸ்ரீராமுலு நாயுடு அதைத் தாமே இயக்கி 1954-ல் படமாக வெளியிட்டார். வசனம் மு.கருணாநிதி. நாயகன் எம்.ஜி.ஆர்., நாயகி பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் என்ற பெருமையும் அதற்கு உண்டு.

எங்கள் தலைமுறை அதைப் பார்த்தது எழுபதுகளில், டூரிங் டாக்கீஸில். சிமெண்ட் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் முடியில் படிந்த வெள்ளைத் தூசியோடு பெஞ்சில் இருப்பார்கள். நாங்கள் தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மண்ணைக் கூட்டி மேடாக்கி ஏறி உட்கார்ந்துகொள்வோம். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். அந்த இடைவெளிகளில்தான் எங்கள் வழக்கு நடக்கும். கௌரவமாக நடமாடும் வியாபாரி அப்துல் ரஹீமும், காட்டில் கூட்டம் சேர்த்து வைத்திருக்கும் கள்ளனும் ஒரே ஆளா, வேறு வேறா? ஒரே ஆள்தான் என்று தெரிந்தவன் வாயைத் திறந்தால் நாலு பேர் சேர்ந்து அவன் வாயைப் பொத்துவோம். டி.எம்.சௌந்தரராஜன் குரலில் எம்.ஜி.ஆர். குதிரை மேல் பாடிக்கொண்டு வரும்போது கூடாரமே அதிரும். மறுநாள் விடிந்ததும் எங்களுக்கு மதுக்கரை தர்மலிங்க மலை வேறு மலையாகிவிட்டது. அவன் அங்கேதான் எங்கோ இருக்கிறான் என்று நம்பினோம். பள்ளிக்கூடம் விட்டதும் மலையடிவாரத்தில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அவனைத் தேடிப் போனோம்.

பகலில் பணக்காரன், இரவில் அக்கிரமக்காரர்களுக்கு எமன். இந்த அமைப்பு உலகத்துக்குப் பொது. 1919-ல் ஜான்ஸ்டன் மெக்கல்லி என்ற அமெரிக்கர் எழுதிய ஸோரோ அப்படிப்பட்டவன். அடுத்த வருஷமே டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அந்த வேடத்தில் நடித்தார். அந்தப் படத்தின் தாக்கம் தங்களுக்கு உண்டு என்று பேட்மேனைப் படைத்தவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். 1939-ல் காமிக்ஸில் பிறந்த பேட்மேனும் பகலில் கோடீஸ்வரன்தான். நம் மலைக்கள்ளனும் அதே குலம். அவர்களுக்குக் கறுப்பு முகமூடி, இவனுக்கு மாறுவேடம்.

ஸ்ரீராமுலு நாயுடு ஒரு மொழியோடு நிற்கவில்லை. அதே 1954-ல் தெலுங்கில் 'அக்கி ராமுடு', நாயகன் என்.டி.ராமாராவ். 1955-ல் இந்தியில் 'ஆசாத்'. அழுகைப் படங்களாக நடித்துச் 'சோக மன்னன்' என்று பேர் வாங்கியிருந்த திலீப் குமார் இங்கே கோயமுத்தூருக்கு வந்து கத்தியும் வேடமுமாக நடித்தார். மீனாகுமாரி ஜோடி. அந்த வேடம் அவருக்கு ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகர் விருதை வாங்கிக் கொடுத்தது. 1957-ல் கன்னடத்தில் 'பெட்டத கள்ள'. நாயகன் கல்யாண் குமார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்து டாக்டர் என்றால் தமிழர்களுக்கு உடனே முகம் ஞாபகம் வரும். அதே வருஷம் மலையாளத்தில் 'தஸ்கரவீரன்'. அதில் கள்ளனாக நடித்த சத்யன், சினிமாவுக்கு வருமுன் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். சிங்களத்திலும் 'சூரசேன' என்ற பேரில் அந்தக் கதை போனது. வாளையாறு கணவாய்க்கு அந்தப் பக்கம் சத்யன், இந்தப் பக்கம் எம்.ஜி.ஆர். என்று எங்கள் ஊருக்கு இரு பக்கமும் மலைக்கள்ளன் நின்றான்.

இவர்களில் எம்.ஜி.ஆர். 1977-ல் தமிழ்நாட்டு முதலமைச்சர் ஆனார். என்.டி.ஆர். 1983-ல் ஆந்திர முதலமைச்சர். வசனம் எழுதிய கலைஞர் கருணாநிதி இருவருக்கும் முன்னால், 1969-லேயே முதலமைச்சர். திலீப் குமார் பிற்காலத்தில் மாநிலங்களவை உறுப்பினர். ஒரே கதையோடு சேர்ந்தவர்களில் மூன்று முதலமைச்சர்கள்! எட்டு தசாப்தங்களாக பேட்மேனாக நடித்தவர்களில் ஒருவருக்கும் இப்படி நடக்கவில்லை.

மலைக்கள்ளன் மறைந்துபோன காரணமும் அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழைக்கு இரங்குபவன், பெண்களுக்குக் காவல், அநியாயத்தைக் கண்டால் பொறுக்காதவன் என்று அந்தக் கள்ளனுக்கு இருந்த குணமெல்லாம் எம்.ஜி.ஆரின் சொந்தக் குணங்களாக ஜனங்கள் மனதில் குடியேறின. அடுத்த படத்தில் அவர் மீனவனானாலும் ரிக்‌ஷாக்காரனானாலும் அதே வீரன்தான். நடிகர் வளர வளர வேடம் அவருக்குள் கரைந்தது. இனி இன்னொருவர் வந்து 'நான்தான் மலைக்கள்ளன்' என்றால் ஏற்றுக்கொள்ள யாரும் தயாராக இல்லை. ஆந்திரத்திலும் இதே கதிதான். 1980-ல் என்.டி.ஆர். 'சூப்பர்மேன்' என்றே ஒரு தெலுங்குப் படத்தில் நடித்தார். அனுமன் அருளால் பறக்கிற அந்த சூப்பர்மேனைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்.டி.ஆரைத்தான் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிராக நடந்தது. 1943-ல் பதினைந்து அத்தியாயத் தொடர்படத்தில் லூயிஸ் வில்சன் முதல் பேட்மேன். 1949-ல் ராபர்ட் லோவரி. 1966-ல் தொலைக்காட்சியில் ஆடம் வெஸ்ட். கீட்டனை 1989 படத்துக்குப் போட்டபோது, சிரிப்பு நடிகனுக்கா இந்த வேடம் என்று ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். படம் வந்தபின் அவரையே கொண்டாடினார்கள். 2023-ல் வயதான காலத்தில் அவர் மறுபடி அந்த உடுப்பில் வந்தபோது கைதட்டினார்கள். அங்கே வேடம் பெரியது. நடிகர் வருவார், கட்டுவார், கழற்றி வைத்துவிட்டுப் போவார். ஒருவர் கறாராக நடிப்பார், ஒருவர் விளையாட்டாக நடிப்பார். ஒவ்வொரு தலைமுறையும் தன் பயத்தையும் ஆசையையும் அந்த உடுப்புக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தது.

நம்மிடம் காமிக்ஸ் வீரனும் இல்லாமல் இல்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த லூயிஸ் கிராண்டேல்தான் அந்த மாயாவி; இங்கே வந்து தமிழனாகவே ஆகிவிட்டான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களில், ஆளில்லாத அறையில் ஒரு கை தானாக இழுப்பறையைத் திறக்கும்போது எங்களுக்கு மூச்சு நின்றுவிடும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதி கிடைத்தாலும் போதும், தெருவே மாற்றி மாற்றிப் படிக்கும். அரை நூற்றாண்டு தாண்டியும் மறுபதிப்பு வந்தால் நரைத்த தலைகள் தேடி வாங்குகின்றன. இத்தனை அன்பு இருந்தும் மாயாவிக்குத் தமிழ்த் திரையில் இன்னும் ஒரு முகமும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கிணத்துக்கடவில் பிறந்த லோகேஷ் கனகராஜ் இரும்புக்கை மாயாவியைப் படமாக்கும் ஆசையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். சூர்யா நடிப்பார் என்றும் பேச்சு அடிபட்டது.

நடுவில் முயற்சிகள் நடக்காமலும் இல்லை. 2012-ல் மிஷ்கின் ஜீவாவை வைத்து 'முகமூடி' எடுத்தார். சிவகார்த்திகேயன் 2019-ல் 'ஹீரோ' ஆனார். 2023-ல் 'மாவீரன்' படத்தில் படக்கதை வரைகிற ஓவியனாகவே வந்தார். ஒவ்வொன்றும் ஒரே படத்தோடு நின்றது. அடுத்த நடிகருக்குக் கைமாறும் வேடமாக எதுவும் நிலைக்கவில்லை.

பேரன் ஒருநாள் கேட்டான்.

"அப்புச்சி, உங்க காலத்துல யாருங்க பேட்மேன்?"

"எம்.ஜி.ஆரு, சாமி. மலைக்கள்ளன்னு பேரு."

"அவருக்கப்புறம் யாருங்க?"

"யாரும் இல்ல, சாமி."

"ஏனுங்க, யாரையும் போடலீங்களா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. வேடம் கைமாறுவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதைக் கூத்தில் சங்கராக ஆடுபவர் தளர்ந்தால் அடுத்தவர் வேடம் கட்டுகிறார். பொன்னரும் சங்கரும் யாருக்கும் தனிச் சொத்தாக ஆகவில்லை. அதனால்தான் இன்றும் உடுக்கைச் சத்தத்தோடு அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கூத்தில் தெரிந்த இந்தப் பாடத்தை சினிமாவில் விட்டுவிட்டோம்.

மலைக்கள்ளனுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. பேட்மேனைத் தொட வேண்டுமானால் ஒரு கம்பெனியின் அனுமதி வேண்டும். நாமக்கல் கவிஞரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. அந்த நாவலை யாரும் அச்சிடலாம், படக்கதையாக வரையலாம், திரைக்கதை எழுதலாம். கோவையில் அனிமேஷன் படிக்கிற பிள்ளைகளே, காமிக்ஸ் வரைகிற தம்பி தங்கைகளே, ஒரு முறை அந்தப் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். எம்.ஜி.ஆரைப் போல யாரும் நடிக்க வேண்டாம். உங்கள் காலத்து அநியாயத்தை எதிர்க்கிற ஒரு மலைக்கள்ளனை வரையுங்கள். அவனுக்கு அடுத்து ஒருவன், அவனுக்கும் அடுத்து ஒருவன் என்று வரட்டும்.