புஸ்ஸுன்னு போனா ஓடக்கூடாது

ஹூஸ்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

முதல்ல ஒண்ணு: இந்தக் கடுதாசியை அத்தைக்கு வாசிச்சுக் காட்டிராதீங்க. போன சனிக்கிழமை ஆபீஸ்காரங்களோட துப்பாக்கி சுடப் போனேன்.

நம்ம பக்கம் இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கணும்னா கலெக்டர் ஆபீசுக்கு நடந்தே செருப்பு தேஞ்சிரும். வாங்கினாலும் தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வெறுங்கையா நிக்கணும். இங்க டெக்சாஸ்ல சுடுற இடத்துக்குப் பக்கத்துக் கடையே பிரியாணிக் கடை. துப்பாக்கியை மணிக்கணக்குல வாடகைக்குத் தாராங்க, நம்மூர்ல சைக்கிள் எடுத்த மாதிரி.

உள்ள ஒரு அதிகாரி நின்னாரு. மீசை இல்லைங்கிறதைத் தவிர அப்படியே நீங்கதான். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, துப்பாக்கி முனை எப்பவும் இலக்குப் பக்கம், சுடத் தீர்மானிக்கிற வரைக்கும் விசையில விரல் படக்கூடாது. நம்ம பட்டாசு ஆலையில செம்புத் தகட்டைத் தொடாம மருந்து ரூமுக்குள்ள கால் வச்சவனை நீங்க பார்ப்பீங்களே, அந்தப் பார்வை.

பக்கத்துல ஒருத்தர் சுட்டுக்கிட்டிருந்தாரு. டமார், டமார், அப்புறம் ஒரு ‘புஸ்’. நம்ம தெருவா இருந்தா பிள்ளைகள் ‘நமுத்த வெடி’ன்னு கெக்கலி கொட்டியிருக்கும். அவரும் சிரிச்சிக்கிட்டே அடுத்ததைச் சுடப் போனாரு. அதிகாரி போட்ட சத்தத்துல மொத்த இடமும் நின்னுபோச்சு. தோட்டா அடியில இருக்கிற கேப் மட்டும் வெடிச்சிருக்கு, உள்ள மருந்து இல்லை. கேப்போட வேகத்துக்குக் குண்டு பாதிக் குழல் வரைக்கும் போயி அடைச்சிக்கிடும். பின்னாலயே அடுத்த குண்டு வந்து முட்டுச்சுன்னா குழலே வெடிக்கும். கம்பியை விட்டுத் தட்டினாங்க, ஈயக்குண்டு பொத்துன்னு விழுந்துச்சு. மனுஷன் சிரிப்பை அப்பவே நிறுத்திட்டாரு.

சத்தமே வராட்டியும் தொல்லைதான். உள்ள கனல் மெதுவாப் போயி, கொஞ்சம் பொறுத்து வெடிக்கலாம். அதனால முனையை முன்னாடியே நீட்டிக்கிட்டு 30 விநாடி அசையாம நிக்கணும். நானும் ஒரு தடவை நின்னேன். வெடிக்காத வெடிகிட்ட போகாதேன்னு நீங்க சொல்லித்தானே வளர்ந்தோம்? இங்க எங்க போறது மாமா, வெடி கையிலேயே இல்ல இருக்கு!

மஞ்சள் தோட்டா கதை உங்களுக்குப் பிடிக்கும். மெலிசான 20 கேஜ் தோட்டா, 12 கேஜ் குழலுக்குள்ள வழுக்கிப் போயி ஒளிஞ்சுக்கிடுமாம். காலியா இருக்குன்னு நினைச்சு 12 கேஜைப் போட்டு அழுத்தினா முடிஞ்சது சோலி. அதுக்காகவே 20 கேஜ் மட்டும் மஞ்சள் நிறத்துல வருது.

கிளம்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாங்க, ஈயத்தூசி வயித்துக்குள்ள போயிரக்கூடாதாம். அலுமினியத் தூள்ல வெள்ளியா மினுங்குற கையோட நம்ம ஆளுக தூக்குச்சட்டியைத் திறக்கிறது ஞாபகம் வந்துச்சு.

மருந்து ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுங்கிற மாதிரி விதியெல்லாம் நம்மகிட்டயும் எழுதித்தான் கிடக்கு. ஆனா இங்க ஒருத்தர் ‘நிறுத்து’ன்னா யாருக்கும் கூலி குறையலை. பீஸ் ரேட்டுக்குத் திரி வைக்கிறவகிட்ட நீங்க அதைச் சொன்னா, அன்னிக்குக் குழம்புக்குப் பருப்பு குறையும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்துல நாற்பது பேர் கிட்ட செத்துப்போனாங்களே, அதுல முதல் வெடிக்கு அப்புறம் உதவ ஓடினவங்களும் உண்டு. அந்த 30 விநாடியை நான் அவங்களை நினைச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

அத்தை கேட்டா லைப்ரரிக்குப் போனான்னு சொல்லுங்க. சாத்தூர் சேவு ரெண்டு கிலோ அனுப்புங்க. தயவுபண்ணி ஆயிரம் வாலா அட்டைப்பெட்டியில கட்டி அனுப்பாதீங்க. கஸ்டம்ஸ்காரன் 30 விநாடியெல்லாம் காத்திருக்க மாட்டான், சேவை மிஷின் வச்சுச் சுட்டிருவான்.

உங்கள் மருமகன்