செட்டி கோர்த்த பெட்டி

வானொலியை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளை "அரசாங்கம்" என்று எழுதி மார்க்கும் வாங்கிவிடும். சத்தியமாக இல்லை. அரசாங்கம் கடைசியாக வந்தது, அதுவும் ரசீது புத்தகத்தோடு.

சென்னை கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்குப் போனவர்கள் கோட்டும் தொப்பியுமாகத் திரும்பிய காலத்தில், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ஒரு டிரான்ஸ்மிட்டரைப் பாகம் பாகமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். இங்கே உட்கார்ந்து கோர்த்தார். சக்தி 40 வாட். கழிப்பறையில் தொங்கும் குண்டு பல்புக்குச் சரி. அதை நம்பி 1924 மே 16-ல் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் பிறந்தது. ஜூலை 31-ல் ஒலிபரப்பே தொடங்கிவிட்டார்கள்.

பொழுதுபோக்கு என்றால் அடுத்து வருவது கடன்தானே? 1927-ல் கிளப் கையை விரித்தது. கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் சென்னை மாநகராட்சியிடம் போனது. குப்பை வண்டி, சாக்கடை, கொசு மருந்து, கூடவே கர்நாடக சங்கீதம் என்று 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே பாடத் தொடங்கியது. மெரினாவில் ஒலிபெருக்கி கட்டி, காற்று வாங்க வந்தவனுக்குப் பாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938 ஜூன் 16-ல். செட்டியின் பெட்டிக்கு அப்போது 14 வயது.

கொழும்பு இன்னும் மோசம். அங்கே 1923-ல் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர் சோதனை ஒலிபரப்பு நடத்தியது, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து பிடுங்கிய ரேடியோ பாகங்களை வைத்து. நாம் பிற்பாடு வாயைப் பிளந்து கேட்ட இலங்கை வானொலிக்குப் பூர்வீகம் காயலாங்கடைச் சரக்கு!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா? 1933-ல் கம்பியில்லாத் தந்திச் சட்டம் போட்டான். லைசென்ஸ் இல்லாமல் ரேடியோவை வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். ஆனால் அந்தச் சட்டம் புதுச்சேரிக் கரியமாணிக்கத்து வரப்புக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. அந்தப் பக்கம் தென்னாற்காடு, பிரிட்டிஷ்காரன் ராஜ்யம். இந்தப் பக்கம் பிரான்சு. ஆடு மேய்க்கிறவன் ஒரு நாளில் நாலு தடவை வெளிநாடு போய்வந்த ஊர் இது. 1954-ல் கரியமாணிக்கம் அடங்கிய நெட்டப்பாக்கம் கொம்யூன் பிரெஞ்சுக் கொடியை இறக்கியது. சுதந்திரம் வந்தது, பின்னாலேயே தபாலாபீஸ் லைசென்சும் வந்தது.

1967 செப்டம்பர் 23-ல் புதுச்சேரி வானொலி தொடங்கியதும் பையன்களுக்குக் கை அரித்தது. கிரிஸ்டல் செட்டுக்கு வேண்டியது கொஞ்சம்தான். பிளாஸ்டிக் பவுடர் டப்பாவில் எனாமல் கம்பியை நெருக்கமாகச் சுற்றணும். நுனியில் பிளேடால் எனாமலைச் சுரண்டணும். இதைச் சுரண்டாமல் விட்டுவிட்டு டயோடைத் திட்டியவர்களே அதிகம். ஒரு டயோடு, ஒரு ஹெட்போன். தென்னைக்கும் வேம்புக்கும் நடுவே ஏரியல், அடிபம்பு குழாயில் எர்த். பேட்டரி கிடையாது, கரண்டு கிடையாது. காற்றில் வருகிற அலையே ஹெட்போனை முனகவைக்கும். காதில் வைத்துப் பார்த்த ஆயா "எந்த வீட்டுப் பொணம்டா பேசுது?" என்று கேட்டால் அதில் தப்பென்ன? விவசாய நிகழ்ச்சியில் உர விலை சொன்ன குரல் அப்படித்தான் இருக்கும்.

வேடிக்கை, சட்டப்படி இந்த டப்பாவும் ரேடியோதான். பவுடர் டப்பாவுக்கு லைசென்ஸ் எடுத்த உத்தமன் ஒருவன்கூட என் கண்ணில் பட்டதில்லை. 1980களின் நடுவில் அரசாங்கமே சலித்துப்போய் வீட்டு ரேடியோ லைசென்சைக் கைவிட்டது.

இப்போது அந்தப் பையன்களின் பேரப்பிள்ளைகள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஆர்டுயினோ பலகை வாங்கிவந்து, மோட்டார் கொட்டாய்க்குத் தானியங்கி சுவிட்சு செய்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவன் மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தால் திட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கினானா என்று மட்டும் பாருங்கள்.