இடுப்புக்குக் கீழ் ஒரு பை: 61ஆம் அதிகார உரைவிளக்கம்

உலகத்துச் சரக்கையெல்லாம் 97 அதிகாரங்களில் அடக்கிய பெருநூல் ஹெச்.எஸ். என்னும் சுங்கப் பட்டியல். பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு காத்துவரும் இந்நூல் 1988 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. இதன் 77ஆம் அதிகாரத்தில் ஒரு பொருளும் இல்லை. வருங்காலத் தேவைக்கென்று வெறுமனே விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்கும் உரை எழுதிப் பட்டம் வாங்கவல்ல பேராசிரியர்கள் நம்மிடையே உண்டு என்பதால், யாம் எளியதாகிய 61ஐ எடுத்துக்கொண்டோம். அது பின்னலாடை அதிகாரம். திருப்பூர் பனியன் கம்பெனிகளின் பிழைப்பு முழுதும் இதனுள் அடக்கம். நெய்த துணியில் தைத்தது 62க்குப் போகும்.

மகளிர் கவுனும் பாவாடையும் தலைப்பு எண் 6104. நைட்டி 6108. டி-ஷர்ட் 6109. இவை வெளிப்படை. பிரா மட்டும் பின்னியதேயாயினும் 62ஆம் அதிகாரத்தில், 6212இல் குடியிருக்கும். என்னை காரணம் எனின், அங்கே அப்படி எழுதியிருக்கிறது என்க.

இனி, பால் பாகுபாடு. முன்புறம் திறக்கும் உடையில் வலப்பக்கம் இடப்பக்கத்தின்மேல் படிந்தால் அது மகளிர் உடை. இடம் வலத்தின்மேல் படிந்தால் ஆடவர் உடை. வெட்டு வேறு சொன்னாலன்றி இதுவே விதி. இரண்டும் தெரியாவிடில்? பால் ஐயம் நேர்ந்த இடத்தில் பன்மையாற் சொல்லித் தப்பிக்கச் சொன்னார் தொல்காப்பியர். சுங்க நூலார் தப்பிக்கவில்லை. பெண்பால் என்றே எழுதி வரி போடுகிறார். (யாம் எழுத எண்ணி விட்ட ‘ஐயப்பால் அடங்கல்’, முதற்பக்கம் காண்க.)

நிற்க. 6106 என்பது மகளிர் சட்டையும் பிளவுஸும். அடியில் ரிப் பட்டி வைத்தது இதில் சேராது. சென்டிமீட்டருக்குச் சராசரியாகப் 10 கண்ணிக்குக் குறைந்ததும் சேராது. 10க்கு 10 செ.மீ. சதுரத்தை லென்ஸின் கீழ் விரித்து, ஊசிமுனையால் ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டு, நெடுக்கும் குறுக்கும் எண்ண வேண்டும். சங்கப் பாட்டில் இடைச்சொல் எண்ணியே பணி ஓய்வு பெற்றவர்களுக்கு இவ்வேலை கடினமன்று.

இடுப்புக்குக் கீழே பை உள்ளதும் 6106 ஆகாது. உரை உலகமே இங்குதான் தடுமாறுகிறது. இடுப்பு என்றது உடையின் இடுப்பா, உடுத்தவர் இடுப்பா? பையின் வாய் மேலும் அடி கீழும் கிடந்தால் அப்பை எவ்விடத்தது? வாயே பை என்பர் ஒரு சாரார். அடியே பை என்பர் மறு சாரார். வாயும் அடியும் தைத்து மூடிய பை பையே அன்று என்பர் வறட்டு வாதிகள். மூவரையும் மறுத்து யாம் இன்னும் எழுதாத ‘பை நிகண்டு’, நான்காம் தொகுதி, கறையான் தின்ற 212ஆம் ஏடு, அதன் ஓரக்குறிப்பு, அக்குறிப்பில் மை சிந்திய பகுதி நீங்கலாக, காண்க.

இவ்வளவும் எற்றுக்கெனின், காசுக்கு. அமெரிக்காவில் பருத்திப் பின்னல் பிளவுஸுக்கு 6106இல் அடிப்படை வரி 19.7 சதவீதம். பை ஒன்று கீழே இறங்கினால் உடை பெரும்பாலும் ஸ்வெட்டர் இனமான 6110க்குப் போகும், அங்கே 16.5. மேல்வரிகள் தனி. இப்படி வரிக்காக வைக்கும் சிறு பைக்குத் தொழிலில் ‘நர்ஸ் பாக்கெட்’ என்றே பெயர். உடையில் பை வேண்டும் என்று பெண்கள் எத்தனை காலம் கேட்டும் அசையாத தையல் உலகம், 3.2 சதவீதத்துக்கு உடனே அசைந்தது. தந்த பையில் செல்போன் நுழையாது. ஆனால் இதைவிடச் சிறிய பொருளில் முனைவர் பட்டங்கள் நுழைந்திருக்கின்றன.

துறைசார் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பை இடுப்புக்கு மேலா கீழா என்பதைப் பெட்டியில் வந்த சாம்பிளை மேசையில் விரித்து அளந்துகொள்க. உடுத்தியிருப்பவரிடம் டேப்போடு போக வேண்டாம்.